பல் வரிசை கல்யாணத்துக்கு மட்டும்தானா?

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதுதான் நம்மவர் வீடுகளில் அவளது முன்பல் எடுப்பாக இருப்பது கண்ணில் படுகிறது. அதற்குள் தாடை வளர்ச்சி முடிந்துவிட்டிருக்கும். பையன் என்றால் அந்தக் கவலையும் இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைக்க வந்து, பிள்ளைகளின் படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமிக்கும் நாம், அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

மேல் வரிசை கீழ் வரிசையைச் சற்றே மூடினாற்போல் அமைந்து, கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தி மெல்ல வேண்டும். அதுவே சரியான கடி. அது தவறும் விதங்களை எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-ல் மூன்றாக வகுத்தார். அவர் அளவுகோலாகக் கொண்டது முன்பல்லை அல்ல, ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லை. எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் அது சந்தடியின்றி வந்து நிற்பதால், அதையும் பால் பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறோம்.

பால் பல்லுக்கும் இதே கதிதான். விழப்போகிற பல்தானே என்கிறோம். பின்னால் இருக்கும் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன, ரயில் பெட்டியில் துண்டு போட்டு வைப்பதைப் போல. துண்டை முன்னதாக எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு வருகிற பல் கோணலாகத்தான் நிற்க வேண்டும். நான்கு வயதுக்கு மேலும் விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது, பரம்பரைத் தாடை அமைப்பு ஆகியவையும் காரணங்கள். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்னும் பாட்டிமார்களோடு எனக்குச் சண்டையில்லை. ஏழு வயதில் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் அதிர்ஷ்டம் பேசலாம்.

பெரியவர்களுக்கும் வழி உண்டு. கம்பி மெல்ல அழுத்தும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர்கிறது. நாற்பது வயதிலும் இது நடக்கும். ஈறு உறுதியாகவும், சர்க்கரை கட்டுக்குள்ளும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாடையே முன்பின்னாக இருந்தால் சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். நம் தொழிலாளர்கள் பலர் வலி தாங்காமல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, இடைவெளியை அப்படியே விடுகிறார்கள். பக்கத்துப் பல் சாய, எதிர்ப் பல் நீண்டு இறங்க, நன்றாக இருந்த கடியும் கெட்டுவிடுகிறது.

கம்பி கட்டினால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், மாதம் ஒரு நடை போக வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். திருப்பதியிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்குக் காட்பாடி வழியே வேலூர் சி.எம்.சி. பக்கம். சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் செலவு பொதுவாகக் குறைவு. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பல் நோய்களும் சேர்ந்துள்ளன. பள்ளிக்கு வரும் குழுவினர் சொத்தையோடு கடியையும் பார்த்து, பெற்றோருக்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். நகரி, சத்தியவேடு போன்ற ஊர்களில் அந்தச் சீட்டு தெலுங்கோடு தமிழிலும் இருக்கட்டும்.