கைராசி மேல் பழி போட வேண்டாம்

மாடியில் நாலு தொட்டி வைத்துக் கொத்தமல்லியோ துளசியோ விதைத்து, அது முளைக்காமல் போனால் நம் வயதுக்காரர்கள் உடனே சொல்வது, "எனக்குக் கைராசி இல்லை" என்பதுதான். இந்தப் பேச்சை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. கைராசி இல்லை என்று சொன்ன மறுநிமிடம், ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வியும் செத்துப்போகிறது. தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம்.

கொத்தமல்லியைப் பாருங்கள். மளிகைக் கடையில் வாங்கும் தனியா ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கின்றன. பூரிக்கட்டையால் லேசாக உருட்டி, பொடியாகாமல் இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் நன்றாக முளைக்கும். அதற்கும் எட்டு முதல் பதினைந்து நாள் ஆகும். வெந்தயமோ மூன்று நாளில் தலைகாட்டிவிடும். அந்த வேகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஐந்தாம் நாளே கொத்தமல்லித் தொட்டியைக் கிளறிவிடுகிறார்கள். இன்னும் சிலர் சித்திரை வெயிலில் விதைத்துவிட்டு, நாலு இலை பறிப்பதற்குள் பூத்துவிட்டதே என்று குறைப்படுகிறார்கள். அது குளிர்ச்சியை விரும்பும் பயிர். மார்கழியிலும் தையிலும் அதே கை விதைத்தால் தழைத்து வரும்.

தவறிலிருந்து தப்பான பாடம் படிப்பது இன்னும் மோசம். முளைத்த நாற்று இரண்டே நாளில் தண்டின் அடி கறுத்துச் சாய்கிறது. வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். அது நாற்றழுகல் நோய். ஈரம் மிஞ்சி, நெருக்கமாகவும் விதைத்தால் மண்ணில் உள்ள பூஞ்சை செய்யும் வேலை. மருந்து என்று நினைத்து நாம் ஊற்றுவதே அதற்குத் தீனி.

துளசி விஷயத்தில் இது தொட்டியோடு நிற்பதில்லை. துளசி பட்டுப்போனால், "இந்த வீட்டுக்கு ஆகவில்லை" என்று பெரியவர்கள் நாமே சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சு கடைசியில் வீட்டுக்கு வந்த மருமகள் மனதில்தான் முள்ளாகத் தைக்கிறது. கதிர் விட்டு விதை முற்றிய துளசி தளர்ந்துபோவது இயற்கை. கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி இன்னும் நாள் நிற்கும். முற்றிய கதிரில் ஒன்றிரண்டைக் கசக்கி, மண்ணின் மேலாகத் தூவி, மெல்லத் தண்ணீர் தெளித்தால் அடுத்த செடி தயார். பொடி விதை என்பதால் ஆழப் புதைத்தால் வராது. இதில் தெய்வக்குற்றமும் இல்லை, மருமகள் குற்றமும் இல்லை.

"சிலர் எதைத் தொட்டாலும் துளிர்க்கிறதே" என்பீர்கள். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நம்மைவிட அதிக நாற்றுகளைச் சாகக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எது எதனால் போயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார்கள்.

ஆகவே, விதைத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வரவில்லையென்றால் மண், தண்ணீர், வெயில், ஆழம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்போதுதான் எது கோளாறு என்று தெரியும். ஒரு பிடி தனியா வீணானால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இந்த வயதில் இவ்வளவு மலிவாகப் பாடம் சொல்லித் தர வேறு யார் இருக்கிறார்கள்?