பெயர் மனமகிழ் மன்றம். விளைவு மனைக் கண்ணீர்!

 

நாம் குடியிருக்கும் பகுதிகளில் புதிய வகை மதுக்கூடங்கள் முளைத்து வருகின்றன. வெளியே கண்ணாடி முகப்பு, உள்ளே மங்கிய விளக்கு, குளிர்சாதன வசதி, பழரசத்தோடு கலந்து அழகுக் கோப்பையில் வரும் ‘காக்டெயில்’. பெயர்ப் பலகையிலோ ‘மனமகிழ் மன்றம்’! டாஸ்மாக் வாசலின் தள்ளுமுள்ளு இங்கே இல்லை. அதனாலேயே இதை நாகரிகம் என்று நம் இளைஞர்களில் சிலர் எண்ணுகிறார்கள். கோப்பை மாறினால் சரக்கு மாறிவிடுமா?

இத்தகைய மன்றங்களுக்கு எஃப்.எல்.2 என்ற உரிமம் தரப்படுகிறது. உறுப்பினர்களுக்கு மட்டுமே மது வழங்கலாம் என்பது அதன் நிபந்தனை. போவோர் வருவோருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தால் அது மன்றமல்ல, மதுக்கடை! அதைத் தட்டிக் கேட்பது நம் உரிமை.

1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் இது. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் போனது. 2003-இல் அரசே சில்லறை மது விற்பனையைக் கையில் எடுத்துக் கொண்டது. 2023-24ஆம் நிதியாண்டில் டாஸ்மாக் வழியே கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு. அரசோ கருவூலத்தைப் பார்க்கிறது. ஏழைத் தாயின் அஞ்சறைப் பெட்டியை யார் பார்ப்பது?

இளைஞனே! “நண்பர்கள் அழைத்தார்கள், போனேன், நான் குடித்தது ஜூஸ்தான்” என்கிறாய். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஏன்? முதல் நாள் ஜூஸ் குடித்தவனை மறுநாள் கேலி பேசுவார்கள். அடுத்த வாரம் ஒரு மிடறுக்கு வற்புறுத்துவார்கள். சபையில் உட்கார்ந்த பிறகு மறுப்பது கடினம். வாசலிலேயே திரும்புவது எளிது.

வணிகப் பெருமக்களே! உங்களிடம் இன்னும் வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. மதுக்கூடம் நடத்துபவர் யாராகவும் இருக்கட்டும். கட்டடம் யாருடையது? கூடுதல் வாடகை கிடைக்கிறது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தால், பள்ளிவாசல் நன்கொடைப் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்து என்ன பயன்? குடிப்பவரோடு நிற்கவில்லை நபிகளாரின் சாபம். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், அதன் விலையை உண்பவர் எனப் பத்துப் பேரைத் தொட்டது. மாதம் பிறந்ததும் கைக்கு வரும் அந்த வாடகையில் பரக்கத் எங்கிருந்து வரும்?

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2015 ஜூலையில் மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்நீத்த காந்தியவாதி சசிபெருமாளும், 2017-இல் ஊர் ஊராக மதுக்கடைகளை மறித்து நின்ற தாய்மார்களும் அனைத்துச் சமூகத்தவருக்காகவும் போராடினார்கள். அவர்களோடு தோள் சேர்வதே நம் கடமை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஜமாஅத் நிர்வாகிகள், மதுவுக்குக் கட்டடம் விடுவதில்லை என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அறிவித்து உறுதி பெறட்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், அனைத்துச் சமய மக்களின் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்போம். உரிம நிபந்தனை மீறப்பட்டால் ஆதாரத்தோடு முறையிடுவோம். கல்லெறிவதும் கண்ணாடி உடைப்பதும் வேண்டாம். ஒரே நாளில் நம் நியாயத்தை அது வழக்காக மாற்றிவிடும். மாலை நேரத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல் தருவோம். போக்கிடம் இல்லாத பிள்ளைக்குத்தான் அந்தக் கண்ணாடிக் கதவு கவர்ச்சியாகத் தெரிகிறது.

கூடுதல் வாடகையா, குழந்தைகளின் எதிர்காலமா? முடிவு நம் கையில். வல்ல அல்லாஹ் நம் சமுதாயத்தையும் நாட்டு மக்கள் அனைவரையும் இந்தத் தீமையிலிருந்து காப்பானாக!