குளத்தில் பொக்லைன் இறங்கும் முன் பறவைக் கணக்கைக் கேளுங்கள்

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ரிஜிஸ்டரை மூடி வீடு போய்ச் சேர ராத்திரி பத்து, பதினொன்று ஆகிவிடும். ஞாயிறு காலை ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் நஞ்சராயன் குளத்துக் கரையில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருக்கும். ஓவர்லாக் டைலர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரிப் பையன்கள், கூடவே சில பள்ளிப் பிள்ளைகள். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. “பொழுது போகாதவங்க” என்று எங்களைச் சொல்கிறவர்களுக்கு மட்டுமல்ல, குளங்களுக்குத் திட்டம் போடுகிற அதிகாரிகளுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய இந்தக் குளம் சுமார் 125 ஹெக்டேர். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேருமிடம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் கழுவேலியோடு சேர்ந்து, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. அதற்கான விவரக்குறிப்பில் 191 பறவையினங்கள் என்று இருக்கிறது. ஒரு வாரம் வந்து தங்கிப் போகிற நிபுணர் இப்படி ஒரு பட்டியலை எடுத்துவிட முடியாது. வலசை வந்து ஒரே ஒரு நாள் இறங்கிவிட்டுப் போகிற பறவையும் அதில் உண்டு. அந்த ஒரு நாளில் கரையில் யாராவது நின்றிருந்தால்தான் அது பதிவாகும். திருப்பூர் இயற்கைக் கழகத்தினரைப் போன்ற உள்ளூர் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் அப்படி நின்றார்கள்.

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் நாமக்கோழிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளை. குளத்து நடுவே நூற்றுக்கணக்கில் மிதக்கும். ஒவ்வொன்றாக எண்ணப் போனால் எண்பதைத் தொடும்போது பாதி முங்கியிருக்கும், மீதி இடம் மாறியிருக்கும். அதனால் முதலில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கண்ணுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பத்துப் பத்தாகக் கூட்டத்தின் ஓரம் வரை போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவோம், ஒருவர் கணக்கு மற்றவர் காதில் விழக் கூடாது. ரொம்ப வித்தியாசப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் எங்கிருந்தோ ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வரும். சிதறிக் கிடந்த அத்தனையும் நெருக்கியடித்து ஒன்றுசேரும், ஓரத்தில் நின்றவை தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டே ஓடிவரும். கணக்கு போச்சு. “இந்தப் பருந்துக்கு ஞாயித்துக்கெழமை லீவு விடக் கூடாதாங்க?” என்பார் டைலர் அண்ணன்.

இந்த எண்களுக்கு மதிப்பு உண்டு. ஒரு நீர்நிலை இருபதாயிரம் நீர்ப்பறவைகளைத் தொடர்ந்து தாங்கினால், அல்லது ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே வந்தால், அதை ராம்சர் தலமாக்க அதுவே ஒரு தகுதி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களை உடனே கவனிக்க வேண்டியவை என்று பிரித்தது. அதற்கு அடிப்படை, நாடெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்ட் தளத்தில் ஏற்றிய பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல, எங்களைப் போலச் சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கிறவர்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் படம் காட்டிப் பேசுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. கை தட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். கரைக்குக் கூட்டி வந்து, நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுத்து, பேரே சொல்லாமல் பார்த்ததை வரையச் சொன்னால் நடப்பதே வேறு. எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு அம்மாவின் மகள் வருகிறாள், ஏழாவது படிக்கிறாள். முதல் நாள் டெலஸ்கோப்பில் பவளக்காலி உள்ளானைக் காட்டினோம். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு திரும்பி, “அக்கா, அந்தக் காலுக்கு ஷேடு நம்பர் என்னங்க்கா?” என்றாள். அவள் வீட்டில் பழைய ஷேடு கார்டுகள் நிறையக் கிடக்கின்றன. அடுத்த வாரம் ஒரு கார்டை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனி மஞ்சளா ஆரஞ்சா என்று வாத்தியாரோடு இன்னும் வழக்கு நடக்கிறது. அவளுக்கு எந்த விழிப்புணர்வு வாசகமும் தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரா விலை குறைந்த பிறகு, வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்று தகவல் பரவிய நாளில் கரையில் கார் நிறுத்த இடமிருக்காது. வாத்து போனதும் கூட்டமும் போய்விடும். கூட்டை நெருங்கிப் படம் பிடிப்பது, கைபேசியில் குரல் போட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது எல்லாம் நடக்கிறது. அரிய பறவையின் படத்துக்கு ஆயிரம் பேர் விருப்பக்குறி இடலாம். ஆனால் மைனாவும் மடையானும் இந்த மாதம் எத்தனை என்று யாராவது எழுதிக்கொண்டே இருந்தால்தான், பத்து வருஷம் கழித்து அவை குறைந்துவிட்டன என்பதைச் சொல்ல முடியும். ஒரு பறவைக் குழுவின் தரத்தை அது மாதாமாதம் எழுதிய சலிப்பூட்டும் பட்டியலை வைத்துத்தான் அளப்பேன், படங்களை வைத்தல்ல.

இனி அதிகாரிகளுக்கு. ஒரு குளத்துக்குப் பணம் ஒதுக்கினால் முதலில் வருவது பொக்லைன். தூர்வாருவது, ஆழப்படுத்துவது, கரையைச் செங்குத்தாக உயர்த்திக் கல் பதிப்பது, நடைபாதை, விளக்கு, நடுவே மண்திட்டு. எஸ்டிமேட்டில் எத்தனை கன மீட்டர் மண் என்று இருக்கும். எத்தனை உள்ளான் என்று இருக்காது. உள்ளான்கள் மேய்வது ஈரச் சேற்றிலும் இரண்டு விரல் தண்ணீரிலும். பவளக்காலிக்குக் கால் நீளம் என்பதால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். புள்ளிமூக்கு வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து மேய்வதால் கழுத்து எட்டும் ஆழம்தான் அதற்குச் சோறு. முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் ஆழம் வேண்டும். சரிவான கரை இருந்தால் இத்தனைக்கும் இடமுண்டு. நாலு பக்கமும் நேராக வெட்டிவிட்டால் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டும் மிஞ்சும். குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களையும் சீமைக் கருவேலத்தோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால் நாரைகளுக்குக் கூடு வைக்கக் கிளை கிடையாது.

எங்கள் தொழிலில் ஸ்டாக் எடுக்காமல் குடோனை இடிக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். குளத்தில் மட்டும் அது தினமும் நடக்கிறது.

விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாமா, பறவை பார்க்கிறவர்களுக்கு மனுஷன் கண்ணுக்குத் தெரியமாட்டானா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வண்டல் எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, அது வயலுக்குப் போக வேண்டிய மண். எங்கே எடுப்பது, எந்த மாதம் எடுப்பது என்பதுதான் பேச்சு. மதகுப் பக்கம் ஆழப்படுத்தி, தண்ணீர் வந்து சேரும் பக்கத்தை மேடாகவே விடலாம். நாரைக் குஞ்சுகள் பறந்து போன பிறகு, வலசைப் பறவைகள் வரும் ஐப்பசிக்கு முன் வேலையை முடிக்கலாம். குஞ்சுகள் எப்போது பறக்கும் என்பது குளத்துக்குக் குளம், மழைக்கு மழை மாறும். அது நோட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழும். “இத்தனை பறவை வருதுங்களே, தண்ணி நல்லாத்தானுங்க இருக்கும்?” அப்படிச் சொல்லிவிட முடியாது. பவளக்காலிகள் சாக்கடைத் தண்ணீரிலும் கூட்டமாக மேயும். கழிவுநீரில் புழு பூச்சி பெருகினால் சில இனங்கள் கூடத்தான் செய்யும். சாயக்கழிவுக்காக 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது. மொத்த எண்ணிக்கை கூடியது என்று சந்தோஷப்படுவதற்கு முன், எந்த இனம் கூடியது, எது காணாமல் போனது என்று இனவாரியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் பழைய பட்டியல் வேண்டும்.

ஆகவே கேட்பது இதுதான். எந்தக் குளத்து வேலைக்கான எஸ்டிமேட்டாக இருந்தாலும், குறைந்தது ஒரு வருஷத்துப் பறவைக் கணக்கு கோப்பில் இணைக்கப்படாமல் அதில் கையெழுத்து விழக் கூடாது. கணக்கு கொடுக்க மாவட்டந்தோறும் ஆட்கள் இருக்கிறார்கள், பணம் கேட்கமாட்டார்கள்.

சரணாலயம் என்ற பலகை இல்லாத குளங்கள்தான் தமிழ்நாட்டில் அதிகம். அங்கெல்லாம் இதை ஊர்க்காரர்களே தொடங்கலாம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதினால் போதும், பைனாகுலர்கூடக் கட்டாயமில்லை. அடுத்த சில நாளில், ஜனவரி 26 அன்று, கிராம சபை கூடும். உங்கள் ஊர்க் குளத்தின் பட்டியலை அங்கே படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.