கடன் வாங்காதவளுக்குக் கார்க் கடன்

கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு போதும் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். அந்தப் பேச்சைத் தட்டாமல் நடந்த பெண்மணி ஒருத்தி, கார் வாங்கக் கடன் கேட்டுப் பாங்கிக்குப் போனால் என்ன நடக்கிறது தெரியுமா? "அம்மா, உங்களுக்குக் கடன் சரித்திரமே இல்லையே!" என்று கையை விரிக்கிறார்கள். எது பெருமை என்று நினைத்திருந்தோமோ அதுவே குறையாகப் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு இதுதான் நேர்ந்தது. மயிலாப்பூரில் ஜாகை. தனியார் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷ உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம் பாங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். நாலு மணி நேரச் சிகிச்சை முடிந்து தள்ளாடிக்கொண்டு வருகிறவரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்த்தி வைத்துவிட்டு, வெயிலிலும் மழையிலும் ஆட்டோ தேட வேண்டும்.

"எனக்காக ஏம்மா இவ்வளவு செலவு? இருக்கிற வரைக்கும் ஆட்டோவிலேயே போய்விட்டு வருகிறேன்" என்றாராம் மாமியார்.

"நீங்க சும்மா இருங்க அத்தை. உங்களைச் சாக்கு வைத்து நானும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்றாளாம் மருமகள்.

கணவர் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடன் தவணைக்கே போய்விடுகிறது. ஆகவே கார்க் கடனைத் தன் பெயரில் கேட்டாள். பாங்கி அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று வந்தது. பரீட்சையில் பூஜ்யம் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். பூஜ்யத்துக்கும் கீழே ஒரு மார்க்கை அன்றுதான் பார்த்தாளாம்!

இந்த -1 தோல்வி மார்க் அல்ல. 'இவரைப் பற்றி எங்கள் ஏட்டில் ஒன்றும் இல்லை' என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏடு வைத்திருப்பவர்கள் யார்? 2000-ல் தொடங்கிய 'சிபில்' கம்பெனிதான் இதில் மூத்தது. இந்தக் கம்பெனிகளுக்கென்றே 2005-ல் ஒரு சட்டம் வந்தது. இப்போது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், க்ரிப் ஹைமார்க் என்று நாலு கம்பெனிகள் உள்ளன. யார் எந்தப் பாங்கியில் எவ்வளவு கடன் வாங்கினார், தவணையை நாள் தவறாமல் கட்டினாரா என்பதையெல்லாம் பாங்கிகள் இவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள்.

ஏட்டில் எது ஏறுகிறது, எது ஏறவில்லை என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். பதினைந்து வருஷமாக ஒரு மாதம் கூடத் தவறாமல் சீட்டுக் கட்டினாள் அந்த ஆசிரியை. அது ஏறவில்லை. பையன் காலேஜில் சேரும்போது கடைத்தெரு அடகுக்கடையில் வளையலை வைத்து, வட்டியும் முதலுமாகக் கட்டி மீட்டாள். அதுவும் ஏறவில்லை. வீட்டுக் கடன் தவணையில் பாதி அவள் சம்பளந்தான். ஆனால் கடன் கணவர் பெயரில் இருப்பதால் நல்ல பெயர் முழுக்க அவருக்கே போய்ச் சேர்ந்தது. இப்படி நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் சிக்கனமாய்க் குடும்பம் நடத்தி, ஒருவருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல், ஏட்டில் மட்டும் முகவரி இல்லாதவர்களாக இருக்கிறார்கள்.

ஏட்டில் பெயர் இல்லை என்றால் கடன் கிடையாது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. முதல் தடவையாகக் கடன் கேட்பவரின் மனுவை, கடன் சரித்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்க வேண்டாம் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி எல்லாப் பாங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் பாங்கி எந்த அளவும் வைக்கவில்லை என்பதையும் அந்த வருஷமே மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்தது. கட்டாயம் கொடுத்தே தீர வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. சம்பளம், உத்தியோகம், மற்றக் கடன்கள் இவற்றைப் பார்த்துப் பாங்கி தன் முடிவைச் செய்துகொள்ளும். ஆனால் "சரித்திரம் இல்லை, போய் வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

ஆசிரியை செய்த நல்ல காரியம், சம்பளம் வருகிற பாங்கிக்கே போனது. பதினெட்டு வருஷமாக மாதா மாதம் பணம் வருவது அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது அல்லவா? சம்பளச் சீட்டு, பாரம் 16, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தாள். முன்பணம் அதிகமாகப் போட்டால் பாங்கிக்குத் தைரியம் வரும் என்பதையும் தெரிந்து வைத்திருந்தாள். வரி, இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்துக் கார் தெருவுக்கு வர ரூ. 6,60,000 ஆகும். சீட்டுப் பணம் ரூ. 1,60,000-ஐக் கையிலிருந்து போட்டு, மீதி ஐந்து லட்சம் மட்டும் கேட்டாள்.

"உங்கள் தம்பியை ஜாமீன் போடச் சொல்லுங்களேன்" என்றார் அதிகாரி. இவள் மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஜாமீன் என்பது வெறும் கையெழுத்து இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. தம்பியின் ஏட்டிலும் அது ஏறும். நாளைக்கு அவன் வீடு கட்டக் கடன் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கும். மேலும் இரண்டு தரம் நடந்த பிறகு ஜாமீன் இல்லாமலே கடன் வந்தது.

இனி வட்டிக் கணக்கு. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்துக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டக் கட்டக் குறையும் முதலுக்கு வட்டி என்றால், ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 10,380, மொத்த வட்டி ரூ. 1,22,750. ஏழு வருஷமாக நீட்டினால் தவணை ரூ. 8,045-க்கு இறங்கும். ஆஹா, இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று தோன்றும். மொத்த வட்டியோ ரூ. 1,75,700 ஆகிவிடும். ஐம்பத்து மூவாயிரம் கூடுதல்! தவணை கையைக் கடிக்காத வரையில் ஐந்து வருஷத்தோடு நிறுத்துங்கள் என்பேன்.

இதைவிடப் பெரிய மாயம் 'பிளாட்' வட்டி. அதுவும் 9 சதவீதந்தான். ஆனால் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் ஐந்து வருஷமும் ஐந்து லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். வட்டி ரூ. 2,25,000, தவணை ரூ. 12,083. குறையும் முதல் கணக்கில் பார்த்தால் இது 15½ சதவீதத்துக்கும் மேல். இந்தப் புதிரை நாம் விடுவிக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், கடன் கொடுக்குமுன் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைத் தர வேண்டும் என்பது விதி. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கும். இரண்டு இடத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கார் கடையில், "கவலைப்படாதீங்க மேடம், லோனை நாங்க பார்த்துக்கறோம்" என்று காப்பி கொடுத்து உபசரிப்பார்கள். காப்பியைக் குடியுங்கள், கையெழுத்தை மட்டும் யோசித்துப் போடுங்கள். ஒரே மனுவை ஐந்தாறு இடத்துக்கு அனுப்பிவிட்டால், ஒவ்வொரு விசாரணையும் ஏட்டில் பதிவாகி, 'இந்த அம்மாள் கடனுக்கு அலைகிறாள்' என்ற தோற்றத்தைக் கொடுக்கும்.

கார் அடுத்த வருஷந்தான் என்கிறவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. இருபதாயிரம் போலப் பிக்ஸட் டிபாஸிட் போட்டு, அதன் பேரில் உங்கள் சொந்தப் பெயரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். பணத்துக்கு ஈடு இருப்பதால் பாங்கி தயங்காது. மாதம் மளிகைச் சாமான் மட்டும் அதில் வாங்கி, கெடுத் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. ஆறேழு மாதத்தில் -1 மறைந்து மார்க் வரும். கெடு ஒரு தரம் தவறினாலும் வந்த காரியமே கெட்டுவிடும், அது ஞாபகம் இருக்கட்டும்.

பெண்களுக்கென்றே ஒரு சங்கடம் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயரின் முதலெழுத்து. பாங்கிக் கணக்கில் கணவருடையது. அதனால் ஏட்டில் ஆள் மாறாட்டம் நேரலாம். ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே கேட்டுப் பார்ப்பதால் மார்க் குறையாது. பிழை இருந்தால் எழுதிப் போடுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளுக்கு நூறு ரூபாய் நஷ்ட ஈடு உண்டு.

கடைசித் தவணை கட்டியதும் லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கடன் தீரும் வரை ஆர்.ஸி. புத்தகத்தில் பாங்கியின் பெயரும் இருக்கிறது. அது தானாக அழியாது. 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தையும் பாரம் 35-ஐயும் பாங்கியில் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து நீக்க வேண்டும். கடிதத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து மறந்துவிட்டு, பத்து வருஷம் கழித்துக் கார் விற்கும் அன்று தேடுகிற வீடுகள் நிறைய உண்டு.