வாங்குமுன் யோசியுங்கள்: வெந்நீர்த் தொட்டியில் சமையல்

இந்த முறை நாலைந்து கடிதங்கள் ஒரே விஷயத்தைக் கேட்டு வந்திருக்கின்றன. "சூ வீட் என்று ஒரு சமையல் சாதனம் வந்திருக்கிறதாமே, வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?" என்று. ஒரு வாசகியின் மாமியார், "வெந்நீர்ல போட்டு வெச்சா கோழி எப்படி வேகும்? அது என்ன குளிக்கவா போகுது?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்!

சூ வீட் என்பது பிரெஞ்சுச் சொல். நம்ம வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'காற்று நீக்கி' என்று பொருள். உணவுப் பண்டத்தைப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒரே சீரான உஷ்ணத்தில் இருக்கும் நீரில் மணிக்கணக்கில் அமிழ்த்தி வைப்பதுதான் முறை. 1974-ல் பிரான்ஸில் ரோவான் நகரத்து த்ருவாக்ரோ உணவகத்துக்காக, வாத்து ஈரல் சுருங்காமல், கொழுப்பு உருகி வீணாகாமல் வேக வேண்டும் என்று ழார்ழ் ப்ராலூஸ் என்பவர் இதைச் செய்து பார்த்தார். ஆய்வுக்கூடங்களில் இருந்த வெந்நீர்த் தொட்டிகள்தான் பிறகு ஹோட்டல் சமையலறைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் வந்தன.

நம் இட்லிப் பானை 100 டிகிரி. பிரஷர் குக்கர் ஏறக்குறைய 120 டிகிரி. இதிலோ பெரும்பாலும் 55-லிருந்து 85 டிகிரிதான். தண்ணீர் கொதிப்பதே இல்லை. உஷ்ணம் குறைவு, நேரம் அதிகம். அதனால் இறைச்சி சாறு வற்றாமல் மெத்தென்று இருக்கும். ஆனால் சிவக்காது. வெந்தபின் தோசைக்கல்லில் இருபுறமும் ஒரு நிமிஷம் போட்டு எடுக்கத்தான் வேண்டும்.

எந்த வகை?

கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தடி போன்றது. வீட்டிலுள்ள ஆழமான பாத்திரத்தின் விளிம்பில் 'கிளிப்' மாட்டி நிறுத்திவிடலாம். தண்ணீரைச் சூடாக்கும், உள்ளே ஒரு சின்ன விசிறி அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்தால் அலமாரியில் வைத்துவிடலாம். இரண்டாவது, பெட்டி போன்ற தொட்டி. சத்தம் குறைவு, ஆனால் கிரைண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கிரைண்டர் வைத்த மாதிரி இடம் அடைக்கும். நீர் சுழலாத தொட்டியில் பைகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பது சரியாகச் சூடேறாது. நம் அடுக்களைக்குத் தடி வகையே சௌகரியம்.

கடையில் கேட்க வேண்டியவை

முதலில் வோல்டேஜ். அமெரிக்காவிலிருந்து பிள்ளை, பெண் வாங்கி வருவது 120 வோல்ட் சாதனமாக இருக்கலாம். நம் 230 வோல்ட் ப்ளக்கில் அதை மாட்டினால் புகைந்துபோகும். ஆயிரம் வாட்டுக்குத் தாங்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கும் செலவையும் கனத்தையும் பார்த்தால், இங்கேயே வாங்குவது மேல்.

அடுத்து வாட். பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 1000 வாட் சாதனத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். 800 வாட் என்றால் அரைமணி. நாலு பேர் குடும்பத்துக்கு இதுவே தாராளம். சூடேறிய பிறகு மூடி போட்டு வைத்தால் கரண்டும் மிச்சம், ஆவியாகித் தண்ணீர் குறைவதும் மிச்சம். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால் மூன்று முள் ப்ளக், சரியான 'எர்த்' இரண்டும் கட்டாயம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம்.

பொத்தான்கள் சாதனத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலது டெலிபோன் செயலி இல்லாமல் நகரவே நகராது. கம்பெனிக்காரர் அந்தச் செயலியை நிறுத்திவிட்டால் சாதனம் வெறும் தடிதான்.

நீரில் முங்கும் பாகம் கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அதில் வெள்ளையாகப் படிவு கட்டும். பாத்திரத்து நீரில் வினிகர் சேர்த்து, சாதனத்தை அரைமணி ஓடவிட்டால் விட்டுவிடும்.

பையும் காற்றும்

காற்று உறிஞ்சி ஒட்டும் மெஷின் உடனே வேண்டுமா? வேண்டாம். வீட்டு மெஷின் மசாலாத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சி மக்கர் பண்ணும். உணவுக்கென்றே செய்த, ஜிப் வைத்த கெட்டியான ஃப்ரீசர் பை போதும். பண்டத்தைப் போட்டு, வாயை ஓரத்தில் மட்டும் திறந்து வைத்து, பையை மெல்ல நீரில் இறக்குங்கள். நீரின் அழுத்தமே காற்றை வெளியே தள்ளிவிடும். வாய் நீர்மட்டத்துக்கு வரும்போது மூடிவிடுங்கள். பை மிதந்தால் மேல்பாகம் வேகாது. உள்ளே ஒரு ஸ்பூனைப் போட்டால் கனத்துக்கு அடங்கும். மளிகைக்கடைப் பை மட்டும் கூடவே கூடாது.

இதுதான் முக்கியம்

குழந்தை இருக்கிற வீடு, கர்ப்பிணி இருக்கிற வீடு, வயசானவர்கள் இருக்கிற வீடு என்றால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். 5 டிகிரிக்கும் 60-க்கும் இடைப்பட்ட உஷ்ணம்தான் கிருமிகள் வளரும் இடம். கொதிநீரில் தப்பு செய்தாலும் கொதி காப்பாற்றும். இங்கே அந்தக் காவல் இல்லை. ஓர் அங்குல கனமுள்ள எலும்பில்லாத கோழித் துண்டுக்கு 65 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். கனம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே ஆகும். பாதி வெந்த முட்டை, இளஞ்சிவப்பு இறைச்சி எதுவும் மேலே சொன்னவர்களுக்கு வேண்டாம்.

வெந்ததை உடனே சாப்பிடுங்கள். எடுத்து வைப்பதானால் பையோடு ஐஸ் நீரில் அமிழ்த்தி, நன்றாகக் குளிர்ந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். மேடை மேல் மறந்து வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய விஷக்கிருமி உண்டு. அதன் வித்து இந்தச் சூட்டில் சாகாது.

கரண்ட் போனால்? சாதனத்தை வாங்கியதும் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சிலது தானே தொடரும், சிலது சும்மா நிற்கும். எது என்று தெரிந்தால்தான் நம்பி வெளியே போகலாம். நீங்கள் திரும்பும்போது தண்ணீர் ஆறிப் போயிருந்து, எத்தனை நேரமாக என்றும் தெரியாவிட்டால், "ஐயோ, அரைக் கிலோ கறி!" என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவைவிட அது மலிவு.

இன்னொன்று. ராஜ்மாவை இதில் போடவே கூடாது. பச்சை ராஜ்மாவில் உள்ள விஷச்சத்து முறிய, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்த சூட்டில் வெகுநேரம் கிடந்தால் வாந்தியும் பேதியும்தான் மிச்சம். அரிசி, பருப்புக்குக் குக்கரே ராஜா.

சைவ வீட்டில்?

காரட், பீட்ரூட் 85 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் நிறம் மாறாமல் வேகும். குளிர் ஊர்களில் தயிர் உறையவில்லை என்பவர்கள் 43 டிகிரி நீரில் பால் ஜாடியை நிறுத்தினால் கல் மாதிரி உறையும். ஆனால் தயிருக்காக மட்டும் என்றால் பழைய ஹாட் பேக் போதுமே!

எனவே பணம் கொடுக்குமுன் ஒரு நல்ல சமையல் உஷ்ணமானி மட்டும் வாங்குங்கள். பெரிய பாத்திரத்தில் நீர் வைத்து, அடுப்பை ஏற்றி இறக்கி 65 டிகிரியிலேயே நிறுத்தி, நாலு முட்டையை ஓட்டோடு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு வெண்ணெய் போல் வரும். இரண்டு டிகிரி கூடினாலே அதன் பதம் மாறிவிடும். அந்த ருசி வீட்டில் பெரியவர்களுக்குப் பிடித்து, அடுப்பருகே நின்று நிற்கக் கால் வலித்தால், அப்போது சாதனம் வாங்கலாம். ருசியே பிடிக்கவில்லையா? உஷ்ணமானி பாகு காய்ச்ச உதவும், நஷ்டமில்லை.

அடுத்த இதழில்: ஃப்ரிட்ஜில் எதை எத்தனை நாள் வைக்கலாம்?