ஒரு பாடம் குறைகிறது
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல்)

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருத்துவப் படிப்பைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். தகுதி இல்லை, ஆதங்கம் உண்டு.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். விசைப்படகில் வேலை. முதுகுவலிக்கு விழுங்கிய மாத்திரை நாளடைவில் ஊசியாயிற்று. எங்கோ ஒரு மையத்தில் ஒரு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். தெளிந்த முகத்தோடு வந்தார். பெரியம்மா பாயசம் வைத்தார்கள். பத்தாம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டார், விடியும்போது மூச்சில்லை. "திருந்தாத ஜென்மம்" என்றது தெரு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிறுத்தியிருந்த நாட்களில் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். இதை அந்த வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை.

புப்ரினார்பின் என்றொரு மாத்திரை உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. மூளையில் அபின் வகைப் பொருள்கள் பற்றும் அதே இடத்தை இதுவும் பற்றுகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் வேலை செய்வதில்லை. நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், ஆள் வேலைக்குப் போகலாம். இதையும் மெதடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரான்சில் 1995 முதல் சாதாரணப் பொது மருத்துவரே எழுதிக்கொடுக்கலானார். நான்கே ஆண்டுகளில் அளவு மீறிய சாவுகள் ஐந்தில் ஒரு பங்காயின.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பார்கள். என் பாட்டி பதினைந்து ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். எப்போது விடுவாய் என்று அவரை யாரும் கேட்பதில்லை!

நம் நாட்டில் அபின் வகைப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இத்தனை பேருக்கு மனநல மருத்துவர்கள் மட்டும் போதுவார்களா? வெளியூரில் மருத்துவம் படிக்கும் பள்ளித் தோழனிடம் கேட்டேன். "மருந்தின் பெயர் பரீட்சைக்குத் தெரியும். கொடுத்துப் பார்த்ததில்லை" என்றான். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் மனநலத் துறைக்கு இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்திலாவது, எவ்வளவு கொடுப்பது, எப்போது தொடங்குவது, வீட்டாரிடம் என்ன சொல்வது என்று நோயாளியைப் பக்கத்தில் வைத்துக் கற்றுத்தரலாகாதா?

சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று நம் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே தேறும் டாக்டர்களில் சிலராவது நாளை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருவார்கள். முதுகுவலி என்று வரும் படகுக்காரரை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம். முதுநகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.