யுரேனஸைக் காதால பார்க்கலாம், வாங்க!

என்.எஸ்.எஸ். கேம்புக்குப் பேர் கொடுத்தாச்சா பாஸ்? ஏழு நாள் குப்பை அள்ளி, மரக்கன்று நட்டு, நடுவுல ஒருநாள் ஸ்கூல் பசங்களுக்கு 'அறிவியல் விழிப்புணர்வு' நடத்துவோமே, அந்த ஒருநாளைப் பத்தித்தான் இந்த வாரம்.

கேம்ப் ஜவ்வாது மலையிலன்னு வெச்சுக்கங்க. எதிர்ல உட்காரப்போறவங்கள்ல நிறைய பேர் மலையாளி பழங்குடிப் பசங்க. (கேரளா இல்லீங்க, பேசறது தமிழ்தான்!) புரொஜெக்டரைப் போட்டு, "இங்க பாருங்க"ன்னு ஆரம்பிப்போம். கூட்டத்துல பார்வையில்லாத ஒரு தங்கச்சி இருந்தா? எல்லாரும் கைதட்டும்போது அதுவும் தட்டும். அவ்வளவுதான்.

'கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு சயின்ஸ் குரூப்'னு கேட்டே பழகின ஊர் இது. 2013-ல சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ சயின்ஸ்ல 96 சதவீதம் எடுத்த கார்த்திக் சாஹ்னி பார்வையில்லாதவர். அவரை ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு எழுத விடலை. ஸ்டான்ஃபோர்டு கூப்பிட்டுக்கிச்சு!

இத்தனைக்கும் அதே மலையில இருக்கிற காவலூர் வானாய்வகத்தோட சூப்பர் கதையே கண்ணால பார்க்காத கதை. 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போற நேரம். 1 மீட்டர் டெலஸ்கோப்புல அந்த நட்சத்திரத்தோட வெளிச்சத்தைக் கருவி பதிவு பண்ணிட்டு இருந்துச்சு. கிரகம் நெருங்கறதுக்கு முன்னாடியே வெளிச்சம் சட்டுனு மங்கி, திரும்ப வந்துச்சு. இந்தியப் பெருங்கடல் மேல பறந்த அமெரிக்க விமான டெலஸ்கோப்புலயோ, கிரகத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் பல தடவை இதே மாதிரி. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சது இப்படித்தான். அன்னிக்கு யாரும் வளையத்தைப் பார்க்கலை. வெளிச்சம் ஏறி இறங்கினதை வெச்சுப் புரிஞ்சுக்கிட்டாங்க.

அந்த வெளிச்சத்தை சத்தமா மாத்திட்டா? ஒரு 555 ஐ.சி., எல்.டி.ஆர்., சின்ன ஸ்பீக்கர், ரெண்டு மூணு ரெசிஸ்டர், கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி. ஈ.சி.இ. மக்களுக்கு அரைமணி நேர வேலை. எல்.டி.ஆர். மேல வெளிச்சம் விழுந்தா கீச்சுனு கத்தும், நிழல் விழுந்தா குரல் இறங்கும். எதிர்ல டார்ச்தான் நட்சத்திரம். அட்டையில விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, நடுவுல நூல்ல பந்தைக் கட்டி, குறுக்கே நகர்த்துங்க. மெதுவா! எல்.டி.ஆர். கொஞ்சம் சோம்பேறி. கறுப்பு சார்ட்டைக் குழாயா சுருட்டி அதுக்குள்ள சொருகிடுங்க, இல்லேன்னா ஜன்னல் வெளிச்சமே எல்லாத்தையும் கெடுத்துடும்.

விடையை முதல்லயே உளறிடாதீங்க, ப்ளீஸ். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, குரல் எத்தனை தடவை இறங்குச்சுன்னு மட்டும் கேளுங்க. காது கேட்காத பையன் இருந்தா ஸ்பீக்கர் மேல விரலை வெக்கட்டும், அதிர்வு மாறுறது நல்லாவே தெரியும். அப்புறம் ரெண்டு வளையம் வெச்ச அட்டையை மாத்தி, நடுவுல என்ன போச்சுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. அந்தத் தங்கச்சி முந்திக்கிட்டு பதில் சொல்ல வாய்ப்பு நிறைய.

ராத்திரி வானம் பார்க்கிறப்போ கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அவங்க ஊர்ல என்ன பேருன்னு நீங்க கேளுங்க. நோட்டுல எழுதிக்கறது அப்போ உங்க வேலை.

கிளம்பும்போது போர்டைத் திரும்பத் தூக்கிட்டு வந்துடாதீங்க மக்கா. சர்க்யூட்டைத் தமிழ்ல வரைஞ்சு, ரெண்டு பேட்டரி எக்ஸ்ட்ராவா சேர்த்து, சயின்ஸ் டீச்சர்கிட்ட கொடுத்துட்டு பஸ் ஏறுங்க.